துளி அக்காவின் இருமல்

கழுவிய பீக்கரைக் கவிழ்த்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்கிறார் துளி அக்கா. உட்புறச் சுவரில் தண்ணீர் மடிப்பு விழாத ஒரே தாளாக வழுக்கி இறங்கினால் சரி. சுவரோரம் காயப்போடும் பலகையின் மர ஆணியில் பீக்கர் தொங்கப் போய்விடும். எங்காவது ஒரு துளி, ஒரே ஒரு துளி, கூட்டத்தோடு சேராமல் தனியே திரண்டு நின்றுவிட்டாலோ, "ஒட்டலியே" என்பார். பிரஷ்ஷை எடுப்பார். மறுபடி முதலிலிருந்து.

"தண்ணிக்குக் கண்ணாடின்னா உசிரு. விட்டாக் கட்டிப் புடிச்சுக்கும். நடுவுல கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு வந்து உக்காந்துச்சுன்னு வைங்க, மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு உருண்டை கட்டி நிக்கும். அவ்வளவு ரோஷம்!"

பள்ளிக்கூடத்து வேதியியல் ஆய்வகத்தில் பத்தொன்பது வருடமாக அவர் உதவியாளர். துளியைத் தேடித் தேடிப் பார்ப்பதால் பிள்ளைகள் வைத்த பெயர் அது. கிண்டலுக்கு வைத்தார்கள். அக்காவோ அதை அழியாத மையால் தன் குடையிலும் சாப்பாட்டு டப்பாவிலும் எழுதி வைத்துக்கொண்டார். "பேரு வச்சாங்க, சும்மா விட முடியுமா?"

அடுத்தவர் கழுவியது அவருக்கு ஆகாது. பிள்ளைகள் டெஸ்ட் டியூபைக் கழுவிக் கொடுப்பார்கள். "ரொம்ப சந்தோஷம், வச்சிட்டுப் போங்க" என்று சிரித்த முகமாக வாங்கிக்கொள்வார். அவர்கள் தலை மறைந்ததும் தானே மறுபடி ஒரு தடவை கழுவுவார். ஆசிரியர்கள் கழுவினாலும் இதே கதிதான். தண்ணீர் பம்பு பழுது பார்க்கும் அவருடைய கணவர் ஒரு நாள் அலுத்துப்போய்ச் சொன்னாராம்: "நான் குளிச்சிட்டு வந்தாக்கூட வெளிச்சத்துல நிக்கச் சொல்லிப் பாக்கறா." பத்தொன்பது வருடத்தில், வேறொருவர் கழுவிய கண்ணாடி எதுவும் அக்காவின் கை மறுபடி படாமல் அந்த ஆணியில் தொங்கியது கிடையாது.

அக்காவின் இந்த அடங்காத பிடிவாதத்தை வேதியியல் ஆசிரியர் பல வருடம் வேடிக்கையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் ஒரு நாள் தன் பிழைப்பையே காப்பாற்றப்போகிறது என்று அவர் நினைத்தும் பார்த்ததில்லை.

ஆசிரியருக்கு வருடா வருடம் ஒரு பாடம் உண்டு. மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஏன் இழுக்கின்றன என்ற பாடம். தண்ணீரில் ஒரு ஆக்சிஜனும் இரண்டு ஹைட்ரஜனும் எலக்ட்ரான்களைப் பங்கு போட்டுக்கொள்கின்றன; ஆனால் ஆக்சிஜன் கொஞ்சம் தன் பக்கமே இழுத்துக்கொள்கிறது; அதனால் ஒரு முனையில் லேசாக எதிர்மின்னூட்டமும் மறுமுனையில் லேசாக நேர்மின்னூட்டமும் தங்கிவிடுகின்றன. "ஒரே போர்வையைப் போத்திக்கிட்டுத் தூங்கறாங்க. ஒருத்தர் மட்டும் ராத்திரி பூரா தன் பக்கம் இழுத்துக்கறாரு. அவர்தான் ஆக்சிஜன்" என்பார். "உங்க வீட்ல யாரு சார் ஆக்சிஜன்?" என்று எந்த வகுப்பிலும் ஒரு குரல் எழும். "என் பொண்டாட்டிதான்!" என்பார். வகுப்பு கூரையைப் பிய்க்கும்.

பிறகு செய்து காட்டுவது. இரண்டு பியூரெட்டுகள், அதாவது அடியில் குழாய் திருகு வைத்த நீண்ட கண்ணாடிக் குழல்கள். ஒன்றில் தண்ணீர், மற்றதில் லேசாகப் பெட்ரோல் வாடை அடிக்கும் ஹெக்சேன். இரண்டும் நிறமற்றவை, பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். தலை வாரிய பிளாஸ்டிக் சீப்பை அருகே கொண்டுபோனால் தண்ணீர்த் தாரை வளைந்து சீப்பிடம் ஓடி வரும். ஹெக்சேன் தாரை அசையவே அசையாது. அதன் மூலக்கூறுக்கு அப்படிப்பட்ட முனைகள் கிடையாது.

சிக்கல் என்னவென்றால், ஆசிரியர் தலையில் வாருவதற்கு ஒன்றும் இல்லை. "சார் தலையில சீப்பு எங்க ஓடும், சறுக்கும்" என்று சொல்லி முதல் வருடமே அக்கா தன் தலையைக் கொடுத்தார். அன்றிலிருந்து அது அவருடைய பதவி. எண்ணெய் வைத்த முடியில் மின்னூட்டம் சரியாக வராது என்பதால், அந்தப் பாடம் வரும் வாரம் அக்கா தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை. அந்த வாரம் அவரைப் பார்த்தால் மின்னல் தாக்கிய தென்னை மரம் மாதிரி இருப்பார். பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்து சிரிப்பார்கள். "சிரிங்க, சிரிங்க. தண்ணி யார் பேச்சைக் கேக்குதுன்னு நாளைக்குப் பாப்போம்" என்பார்.

போன வருடம் ஒரு காலையில் ஆசிரியர் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது வலது கை பிரஷ்ஷைக் கீழே போட்டது. எடுக்கக் குனிந்தவர் எழவில்லை. மூளையில் ரத்தக் குழாய் அடைப்பு. உயிர் பிழைத்தது. வலது கை பாதி திரும்பியது. திரும்பாதது வார்த்தை.

யோசனை தெளிவாக இருந்தது. பிறர் பேசுவதெல்லாம் புரிந்தது. ஆனால் சொல்ல நினைத்த சொல்லுக்குப் பதில் வேறு சொல் வாயில் வந்து நின்றது. நாற்காலி கேட்க நினைத்தால் நாய்க்குட்டி வந்தது. பிள்ளைகளுக்குப் புரியாததை எல்லாம் பேசிப் பேசியே புரியவைத்த மனிதர், தண்ணீர் கேட்க வழியில்லாமல் கண் கலங்கினார்.

எல்லாரும் அன்பானவர்கள். அதுதான் கொடுமை. அவர் வாயைத் திறந்ததும் மனைவி அவசர அவசரமாக வாக்கியத்தை முடித்து வைத்தாள். "காப்பியா? போர்வையா? டாக்டரா?" சக ஆசிரியர்கள் வந்தால் ஒருவர் மாற்றி ஒருவர் ஊகித்தார்கள். ஆறு மாதமாக அவருடைய ஒரு வாக்கியத்தைக்கூட அவரை முடிக்க யாரும் விடவில்லை.

மருத்துவ விடுப்பு முடிந்து அவர் பள்ளிக்கு வந்தபோது தலைமையாசிரியை கனிவாகத்தான் சொன்னார்கள். "ஒரே ஒரு வகுப்பு எடுங்க சார். நாப்பது நிமிஷம். நான் பின்னாடி உக்காந்து பாக்கறேன். முடிஞ்சா பழைய வகுப்பு உங்களுக்குத்தான். முடியலைன்னா ஆபீஸ்ல ஒரு நாற்காலி இருக்கு, சம்பளம் குறையாது." அதற்கு ஐந்து வாரம் இருந்தது. எந்தப் பாடம் என்று கேட்டார்கள். ஆசிரியர் இரண்டு கைகளையும் முஷ்டியாக்கி, ஒன்றை இந்தக் கோடியிலும் மற்றதை அந்தக் கோடியிலும் நீட்டிக் காட்டினார்.

அன்று மாலை கால் போன போக்கில் ஆய்வகத்தை ஒட்டிய கழுவும் அறைக்குப் போய் நின்றார். துளி அக்கா சிங்க்கில் கைவிட்டுக்கொண்டிருந்தார். எப்படி இருக்கீங்க என்று கேட்கவில்லை. ஐயோ பாவம் என்றும் பார்க்கவில்லை. "வாங்க சார். அந்த ஸ்டூல் ஆடும், இதுல உக்காருங்க" என்றார்.

ஆசிரியர் தன் பாடத்தின் பெயரைச் சொல்ல முயன்றார். இருமுனை. அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் அந்தப் பாடமே இல்லை. உதடு குவிந்தது. "இரு... இரும..." அக்கா பீக்கரைத் தேய்த்தார். அலசினார். வெளிச்சத்தில் பார்த்தார். அடுத்ததை எடுத்தார். எந்த இடத்திலும் உதவிக்கு ஓடி வரவில்லை. அந்த அறையில் குழாய்ச் சத்தம் மட்டும் இருந்தது. ஆறு மாதத்தில் முதல் தடவையாக அவருக்கு ஒரு சொல்லைத் தேடும் அளவுக்கு நேரம் கிடைத்தது.

"இருமல்" என்றார் கடைசியில்.

அக்கா திரும்பிப் பார்த்து, தொண்டையைக் கனைத்து, "க்கும்! க்கும்!" என்று இருமிக் காட்டினார். "இது சார் இருமல். உங்களுக்கு வேண்டியது இது இல்லியே?"

ஆசிரியர் சிரித்துவிட்டார். நோய் வந்தபிறகு அவர் சிரித்த முதல் சிரிப்பு அதுதான். கூடவே கண்ணீரும் வந்தது. அக்கா பார்க்காதது மாதிரி ஒரு பிப்பெட்டைக் கழுவ ஆரம்பித்தார்.

அன்று தொடங்கியது. தினமும் பள்ளி விட்டதும் அரை மணி நேரம். அக்கா கழுவுவார், ஆசிரியர் பாடம் நடத்துவார். தப்பான சொல் வந்தால் அக்கா ஒரு இருமல் இருமுவார், அவ்வளவுதான். சரியான சொல்லை எடுத்துக் கொடுக்க மாட்டார். பாடத்தில் எங்கே நிற்கிறோம் என்பதே ஆசிரியருக்குத் தவறிப்போனால் மட்டும், விட்ட இடத்திலிருந்து பிடித்துக் கொடுப்பார். அதுவும் ஆசிரியரின் பழைய வார்த்தைகளிலேயே, பழைய இழுவையோடு.

"எப்ப..." என்று வியந்துபோய்க் கேட்டார் ஆசிரியர்.

"எப்பக் கத்துக்கிட்டேன்னா? பத்தொன்பது வருஷமா கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு கேக்கறேன். நீங்க மறந்தா என்ன சார், பாடம் எங்க போயிடும்? இங்கதான கிடக்குது."

அந்த இரவு ஆசிரியர் இந்த வாக்கியத்தைத் தலையணையில் வைத்துக்கொண்டுதான் தூங்கினார்.

ஒரு நாள் அக்கா பிள்ளைக் குரலில், "உங்க வீட்ல யாரு சார் ஆக்சிஜன்?" என்றார். "என் பொண்டாட்டிதான்!" என்று பளிச்சென்று பதில் வந்தது. தயக்கம் இல்லை, திக்கல் இல்லை. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அடடா, அம்மாவைக் குறை சொல்றது மட்டும் பழுதாகவே இல்ல போலிருக்கே!" என்றார் அக்கா.

இன்னொன்றையும் அவர்தான் கண்டுபிடித்தார். தனியே சொன்னால் இருமலாகிவிடும் அந்தச் சொல், அக்கா கூடவே சேர்ந்து சொன்னால் ஆசிரியருக்கும் வந்துவிடுகிறது. இன்னொரு குரல் பக்கத்தில் ஓடினால் இவர் குரலும் அதை ஒட்டிக்கொண்டு ஓடுகிறது. ஆனால் அக்கா நிறுத்தினால் நின்றுவிடும். "தனியா நடக்குதான்னு பாப்போம் சார். இல்லைன்னா கூட ஆள் சேத்துக்குவோம்" என்றார்.

வீட்டில் இதனால் ஒரு குழப்பம். தப்பான சொல் வந்தால் ஆசிரியர் தனக்குத்தானே இருமிக்கொள்ளப் பழகிவிட்டார். அவர் மனைவி ஒரு வாரம் மருந்து ஊற்றிக் கொடுத்துப் பார்த்துவிட்டு, நேரே ஆய்வகத்துக்கே வந்துவிட்டாள். "அந்த சிங்க் பக்கத்துல ஈரமா? வீட்டுக்கு வந்தா இருமிக்கிட்டே இருக்காரு." அக்கா விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மாள் கையிலிருந்த மருந்துப் பாட்டிலைப் பைக்குள் வைத்தாள். பிறகு, "அப்ப நான் முடிச்சு முடிச்சு வச்சதுதான் தப்பா?" என்றாள்.

"தப்பு என்னம்மா. ஆசைதான் அது. கொஞ்சம் தள்ளி நின்னு ஆசைப்படுங்க."

அன்று வீட்டில் ஆசிரியர் உப்பு கேட்க மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டார். மனைவி புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். கடைசியில் உப்பு என்றே கேட்டார்.

அந்த நாள் வந்தது. விடிந்ததிலிருந்து மழை. ஈரக் காற்றில் சீப்பில் மின்னூட்டம் தங்காது. அக்கா ஆய்வகத்து ஜன்னல்களை எல்லாம் சாத்திவிட்டு, கண்ணாடிச் சாமான் காயவைக்கிற ஹேர் டிரையரைத் தன் தலைக்குப் பிடித்தார். "பாவம், இன்னிக்குத்தான் இதுக்கு முடியைப் பாக்கற கொடுப்பினை" என்றார். சீப்பையும் காட்டிச் சூடேற்றிக்கொண்டார். பிறகு பியூரெட்டுகள் நிறுத்தியிருந்த மேசையைப் பார்த்தார். ஆசிரியருக்கு இப்போது நல்ல கை இடது கை. ஸ்டாண்டுக் கம்பி மறைக்காமல் வகுப்புக்கு அந்தக் கை நன்றாகத் தெரியட்டும் என்று மேசையை அப்படியே அரை வட்டம் திருப்பிப் போட்டார். மணி அடித்தது.

நாற்பது பிள்ளைகள். பின் வரிசையில் தலைமையாசிரியை, மடியில் ஒரு நோட்டு. மேசைக்கு ஓரமாக அக்கா, தலை முழுக்க மின்னலோடு.

ஆசிரியர் மெதுவாகத்தான் ஆரம்பித்தார். ஒவ்வொரு சொல்லும் ஈரத் தரையில் நடப்பது போல அடி வைத்து வந்தது. போர்வை வந்தது. ஆக்சிஜன் வந்தது. ஒரு பெண் பிள்ளை எழுந்து அந்தக் கேள்வியைக் கேட்டாள். பதில் வந்தது. வகுப்பு சிரித்தது. தலைமையாசிரியைகூடச் சிரித்தார்கள். ஆசிரியர் மேசைப் பக்கம் திரும்பினார். இடது கையால் இடப்பக்கத்துப் பியூரெட்டின் திருகைத் திறந்தார். ஐந்து வார ஒத்திகையிலும் தண்ணீர் அங்கேதான் இருந்தது. அக்கா பத்து தடவை தலையை வாரி, சீப்பை அவர் கையில் கொடுத்தார்.

சீப்பை அருகே கொண்டுபோனார். தாரை அசையவில்லை.

இன்னும் அருகே. அசையவில்லை. நேர்கோடாக, கல் மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. வகுப்பில் ஒரு முணுமுணுப்பு. ஆசிரியர் வாயைத் திறந்தார். சொல்ல வேண்டியதெல்லாம் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்து நெருக்கி, ஒன்றும் வெளியே வரவில்லை. பின் வரிசையில் பேனா நோட்டின் மேல் குனிந்தது.

அக்காவின் பார்வை மேசைக்குப் போனது. மேசையைத் திருப்பினேனே! திருப்பினால் இடது வலதாகாதா? ஐந்து வாரம் பார்த்துப் பார்த்துச் செய்ததை, பாசத்தில் ஒரு நிமிடத்தில் கவிழ்த்துவிட்டேனே! ஓடிப்போய்ச் சொல்லிவிடலாம். அதற்கு ஒரு நொடி போதும். ஆனால் சொல்லிவிட்டால் அது யாருடைய வகுப்பு?

"க்கும்! க்கும்!"

ஆசிரியர் திடுக்கிட்டார். நான் எதுவும் பேசவே இல்லையே, இது எதற்கு இருமல்? தப்பு எங்கே? சீப்பைப் பார்த்தார். தாரையைப் பார்த்தார். மூக்கில் மெல்லிய பெட்ரோல் வாடை தட்டியது. அவர் முகம் மலர்ந்தது.

"வராது" என்றார் வகுப்பைப் பார்த்து. "இது... வராது. எவ்வளவு கூப்பிட்டாலும் வராது. இது ஹெக்சேன்."

திருகை மூடினார். சீப்பை அக்காவிடம் நீட்டினார். அக்கா இந்தத் தடவை இருபது தடவை வாரினார். ஆசிரியர் வலப்பக்கத்துத் திருகைத் திறந்து, சீப்பை வாங்கிப் பக்கத்தில் கொண்டுபோனார். தண்ணீர்த் தாரை இடுப்பை ஒடித்து வளைந்து, அழைத்த திசைக்கு ஓடி வந்தது. "ஓ!" என்றது வகுப்பு.

"ஏன்?" என்றார் ஆசிரியர். "ஏன்னா இது... இரு... இரு... இருமல்."

முன் வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். ஓரத்திலிருந்து இருமல் வந்தது. ஆசிரியர் தலையை ஆட்டினார். இது இல்லை. தெரியும். சீப்பை மேசையில் வைத்தார். இரண்டு கைகளையும் முஷ்டியாக்கி, நல்ல கையை ஒரு கோடியிலும் நடுங்கும் கையை மறு கோடியிலும் நீட்டினார். வகுப்பைப் பார்த்தார். சொல்லுங்கள் என்று கண் கேட்டது.

"இருமுனை!" என்றார்கள், புத்தகத்தில் பாடத் தலைப்பைப் பார்த்திருந்த நாற்பது பேரும்.

"இன்னொரு தடவை."

"இருமுனை!"

அந்த நாற்பது குரலுக்கு நடுவில் கரகரத்த நாற்பத்தொன்றாவது குரல் ஒன்று, தெளிவாக, ஒட்டிக்கொண்டு ஓடியது. "இருமுனை!" அவர்கள் நிறுத்தினார்கள். அது நிற்கவில்லை. தனியாக இன்னொரு முறை சொன்னது: "இருமுனை." அக்கா சட்டென்று திரும்பி, ஏற்கெனவே மூடியிருந்த ஜன்னலை மறுபடி மூடப் போனார். முகத்தை எங்கேயாவது வைத்தாக வேண்டுமே.

மணி அடித்துப் பிள்ளைகள் கலைந்ததும் தலைமையாசிரியை மேசையருகே வந்தார்கள். "திங்கட்கிழமையிலேர்ந்து உங்க பழைய டைம் டேபிள் சார். அந்த முதல்ல வராததைக் காட்டிட்டு அப்புறம் வர்றதைக் காட்டினீங்களே, அது ரொம்ப அழகு." போகும்போது நின்று குரலைத் தணித்தார்கள். "அந்த அம்மாவுக்கு என்ன, சளியா? தொண்டையை டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க."

கழுவும் அறையில் அக்கா ஹெக்சேனைக் கழிவுப் பாட்டிலில் ஊற்றிக்கொண்டிருந்தார். "மேசையைத் திருப்புனது நான்தான் சார். அறிவு வேணாம் எனக்கு?" என்று தன்னையே திட்டிக்கொண்டார். ஆசிரியர் அவர் முன்னால் போய் நின்றார். இந்த ஐந்து வாரத்தையும், அதற்கு முந்திய பத்தொன்பது வருடத்தையும் சேர்த்து ஒரே ஒரு சொல்லில் சொல்ல வேண்டும். மிகச் சாதாரணமான சொல். உதட்டில் கொண்டுவந்தார்.

"நண்டு" என்றார்.

அக்கா இருமவில்லை. "நண்டெல்லாம் மார்க்கெட்டுல கிடைக்கும் சார், இங்க சோப்புத் தண்ணிதான்" என்று சிரித்தார். கண் மட்டும் சிரிப்பில் சேரவில்லை, அது நனைந்திருந்தது.

ஆசிரியர் மறுபடி முயலவில்லை. ஹெக்சேன் ஏந்திய பீக்கரை அக்காவின் கையிலிருந்து வாங்கினார். மரத்துப்போன வலது முழங்கையால் அதை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, இடது கையால் பிரஷ் போட்டார். சோப்பு நுரை சட்டையெல்லாம் ஆனது. அலசினார். மறுபடி தேய்த்தார். மூன்றாவது தடவை அலசிவிட்டு, கவிழ்த்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். பிறகு அக்காவிடம் நீட்டினார்.

அக்கா வாங்கி வெளிச்சத்தில் ஒரு சுற்று சுற்றினார். மழை வெளிச்சத்தில் தண்ணீர் மடிப்பு விழாமல் ஒரே தாளாக இறங்கியது. அவருடைய வலது கை, பழக்கத்தில், பிரஷ்ஷை நோக்கிப் போனது. பாதியில் நின்றது. அந்தக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, பீக்கரை அப்படியே கொண்டுபோய் ஆணியில் மாட்டினார்.